ஆசும் இணைப்பும்: அலுமினியமும் செம்பும் கூடுமிடம்



மொழியியல் பயின்றோர் உலோக இணைப்பைப் பற்றிப் பேசுவதா என்னும் ஐயம் இவ்வவையில் எழக்கூடும். இணைப்பின் வலிமையை அளப்பது பொறியாளர் பணி. அவ்விணைப்புக்கு நாம் இடும் பெயர் மாணவர் உள்ளத்தில் எத்தகைய படத்தை வரைகிறது என்பது நம் துறையின் வினா.

முதலில் பொருளைக் காண்போம். செம்பு மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். ஆயினும் எடையும் விலையும் மிகுந்தது. அலுமினியத்தின் அடர்த்தி செம்பினதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. கடத்துதிறனோ ஏறத்தாழ 60 விழுக்காடு. எனவே மின்கம்பி முனைகளிலும் மின்கல அடுக்குகளிலும் இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டிய தேவை எழுகிறது. அங்குதான் இடர்ப்பாடு. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். செம்பு உருக 1085 பாகை வேண்டும். இரண்டையும் உருக்கிச் சேர்த்தால் மூட்டில் நொறுங்கும் தன்மையுடைய சேர்மங்கள் மிகுதியாகத் தோன்றிவிடும்.

நம் முன்னோர் உலோகங்களைப் பொருத்தக் கண்ட வழி பற்றாசு. இரு துண்டுகளுக்கு இடையே எளிதில் உருகும் மூன்றாவது உலோகத்தை இட்டுப் பொருத்துவது அது.  இச்சொல் யாப்பிலக்கணத்துள்ளும் புகுந்தது. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் இறுதியும் தனிச்சொல்லும் இசையாது நிற்குமாயின் ஓரிரு அசைகளை இடையிட்டுப் பொருத்துவர்; அவ்வசைக்கு ‘ஆசு’ என்றே பெயர். யாப்பருங்கலக் காரிகையின் உரை அதனைக் கொல்லர் இடும் பற்றாசோடு ஒப்பிட்டு விளக்குகிறது. பட்டறைச் சொல்லை இலக்கணத்துக்கு எடுத்தாள அவ்வுரைகாரர் கூச்சப்படவில்லை என்பதை ஆசிரியர்கள் கருதுக.

1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள டி.டபிள்யு.ஐ. நிறுவனத்தில் வேய்ன் தாமசும் அவர்தம் குழுவினரும் கண்ட முறையோ ஆசு இல்லாதது, உருக்குதலும் இல்லாதது. சுழலும் கருவி ஒன்றின் முனை இரு தகடுகளின் சேர்விடத்தில் இறங்குகிறது. முனைக்கு மேலுள்ள அகன்ற தோள்பகுதி தகட்டின்மேல் அழுந்துகிறது. உராய்வு வெப்பத்தால் உலோகம் உருகாமல் இளகுகிறது. நம் வீடுகளில் அல்வா கிளறும்போது கரண்டியைச் சுற்றி மாவு நகர்வதுபோல இளகிய உலோகம் முனையைச் சுற்றி நகர்ந்து, பின்னால் அழுந்திச் சேர்கிறது.

அலுமினியத்தையும் செம்பையும் இவ்வாறு சேர்க்கையில் வலிமை எங்கே உறைகிறது? இரண்டும் தொடும் எல்லையில் புதிய சேர்மப் படலம் ஒன்று பிறக்கிறது. அது முற்றிலும் இல்லையெனில் பிணைப்பு வலுவாக அமையாமல் போகலாம். ஓரிரு மைக்ரோமீட்டர் அளவில், அதாவது மயிரிழைப் பருமனில் நூற்றில் இரண்டு மூன்று பங்காக நின்றால் நன்று. தடித்துவிட்டால் இழுவிசைச் சோதனையில் விரிசல் அப்படலத்தின் வழியே ஓடிவிடும். மேலே பார்வைக்கு வழவழப்பாக இருக்கும் மூட்டு உள்ளே மெலிந்திருக்கலாம். 548 பாகையைத் தாண்டினால் இவ்விரு உலோகங்களின் எல்லையில் நீர்மம் தோன்றத் தொடங்கும். ஆகவே வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்தல் இன்றியமையாதது. பெரும்பாலான ஆய்வாளர் கருவியின் சுழற்சித் திசையும் நகர்வுத் திசையும் ஒன்றுபடும் பக்கத்தில் செம்பை வைத்து, முனையை அலுமினியத்தின் பக்கம் சற்றே ஒதுக்குகின்றனர். கடினமான செம்பு அளவாகக் கிளறப்படுவதும் படலம் மெலிதாக நிற்பதும் இதன் பயன்.

இலக்கணம் கற்பிப்போருக்குப் புணர்ச்சி இங்கே நினைவுக்கு வரும். சாரியை இட்டுப் புணர்வது பற்றாசு போன்றது. ‘பல்’லும் ‘பொடி’யும் சேர்ந்து ‘பற்பொடி’ ஆகும்போது எல்லையில் மட்டும் திரிபு நிகழ்வது இப்படலம் போன்றது. ஒப்புமை அவ்வளவே. சொற்புணர்ச்சியில் திரிபின் தடிமனை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை!

இனிப் பெயர். ‘பற்றவைப்பு’ என்னும் வழக்கு பிழையன்று. பற்றுதல் என்பதற்கு ஒட்டிக்கொள்ளுதல் என்னும் பொருளும் உண்டு. ஆயினும் அடுப்பைப் பற்றவைக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவர்க்கு முதலில் தோன்றுவது தீ. தீயும் உருகலும் இல்லாத முறைக்கு ‘உராய்வுக் கிளறல் இணைப்பு’ என்பதே பொருந்தும் என நாம் கருதுகிறோம். உருக்கிச் சேர்க்கும் முறைக்குப் பற்றவைப்பு நிற்கட்டும். எல்லைப் படலத்தை ‘உலோகிடைச் சேர்மம்’ எனலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின, பின்னர் மீண்டன, 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் தொழிற்கல்லூரியில் சேரும் கிள்ளான் மாணவர் கற்பது ‘கிம்பாலான்’. பட்டறையில் கேட்பது ‘வெல்டிங்’. மூன்றாவதாகத் தமிழ்ச்சொல் எதற்கு என அவர் வினவினால் நம்மிடம் விடை வேண்டும். மனப்பாடம் செய்யச் சொல்லித் திணித்தால் அச்சொல் நில்லாது. செயலை விளக்கும் சொல்லாயின் மலாய்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் விளங்கிக்கொள்ளவே அது துணைசெய்யும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் உயராய்வு மையமும் இவ்விணைப்பு முறையை விரிவாக ஆய்ந்துவரும் பொருள் இணைப்பு ஆய்வு மையமும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. இரு துறையினரும் ஒரு மேசையில் அமர்ந்தால் நாம் மேலே தந்த பெயர்களைவிடச் சிறந்தவை கிடைக்கக்கூடும். அதுவரை, பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ உள்ள ஏதேனும் ஒரு வகுப்பில் இரு பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, ‘இவற்றுள் எது தீயை நினைவூட்டுகிறது?’ என மாணவரைக் கேட்டுப் பார்க்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம்.