ஓட்டைக் காலணா



கோயிலுக்கு விடப்பட்ட நிலம் என்னும் பழைய சாசனச் சொல்லையே பெயராகத் தாங்கிய தேவதானம் கிராமத்தில், ஒரு பாட்டியம்மாளின் சுருக்குப் பையிலே, வெற்றிலைக்கும் கொட்டைப்பாக்குக்கும் நடுவே ஒரு காசைக் கண்டேன்.

ஓட்டைக் காலணா.

இரண்டாவது மகாயுத்தம் உலோகத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், காசிலும் சிக்கனம் பிடிக்க நினைத்த அன்றைய சர்க்கார், 1943ஆம் ஆண்டு முதல் நடுவில் துவாரத்தோடு வெளியிட்ட நாணயம் அது. உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே ரூபம். வடையில் துவாரம் வேகுவதற்காக. காசில் துவாரம் உலோகப் பஞ்சத்தால்.

இதில் ஒரு வேடிக்கை. மற்றக் காசுகளில் கம்பீரமாக வீற்றிருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரின் சிரசுக்கு இந்தக் காசில் இடமில்லை. ஓட்டைக்கு மேலே கிரீடம் மட்டும் இருக்கிறது. ஆம், தலையில்லாத கிரீடம்! 1947ஆம் ஆண்டோடு இந்தக் காசு அச்சடிப்பதும் நின்றுபோயிற்று. காசுக்கும் தீர்க்கதரிசனம் உண்டோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"பாட்டி, இதை எனக்குத் தருகிறீர்களா? விலை தருகிறேன்" என்று கேட்டேன்.

பாட்டி பதில் சொல்லவில்லை. பையின் சுருக்கை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.