கிணற்று நீர் கரிக்கும்போது



எங்கள் ஊரின் பெயர் ஆயர் தாவார். மலாய் மொழியில் ஆயர் என்றால் நீர். தாவார் என்றால் உப்பில்லாதது. உப்பில்லா நீர் என்று ஓர் ஊருக்குப் பெயர் வைக்க வேண்டுமானால், அக்கம்பக்கத்தில் உப்பு நீரும் இருந்திருக்க வேண்டுமல்லவா? சித்தியவானையும் லூமுட்டையும் தாண்டினால் மலாக்கா நீரிணைதான். பெயர் வைத்தவர் யாரோ, குடித்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார் என்று வகுப்பில் நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்று வீட்டுக்குக் குழாய் நீர் வந்துவிட்டது. ஆனாலும் கம்பத்து வீடுகளிலும் பழைய லயங்களின் பின்புறத்திலும் கிணறுகள் இன்னும் இருக்கின்றன. குழாய் நின்றுபோகும் நாளில் வாளியோடு அங்கேதான் ஓடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மழையே காணாத ஒரு பருவம். எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருவனின் பாட்டி, கடலோரக் கம்பத்தில் குடியிருப்பவர். பால்மரம் சீவியே வயதானவர். கஞ்சியில் உப்பு அதிகம் என்று மூன்று நாள் மருமகளைத் திட்டியிருக்கிறார். நான்காம் நாள் மருமகள், "நான் உப்பே போடல அத்தை, தண்ணியக் குடிச்சுப் பாருங்க" என்றாராம். உண்மையில் கிணறுதான் கரித்தது.

அந்தப் பையன் ஒரு போத்தலில் நீரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தான். பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் கற்ற சோதனை ஒன்று உண்டு. நீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் விட்டால், உப்பு இருக்கும் அளவுக்கு வெண்மையாகக் கலங்கும். பாட்டி வீட்டு நீர் பாலைப்போல் வெளுத்துவிட்டது.

உப்பு எங்கிருந்து வந்தது? பக்கத்து நிலத்தில் ஒருவர் கறிகாய்த் தோட்டம் போட்டு, ஆழமாகக் குழாய்க் கிணறு இறக்கி, இரவு பகலாகப் பம்பை ஓடவிட்டிருந்தார். அவர் கெட்டவரல்லர். தன் நிலத்து நீரைத் தான் எடுப்பதாகவே நினைத்தார். மண்ணுக்குள் வேலி கிடையாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1,000 கிராம். கடல்நீரோ சுமார் 1,025 கிராம். அதனால் கடலோர மண்ணுக்கடியில் மழை நீர் மேலாகவும் கடல்நீர் கீழாகவும் தங்குகின்றன. ஹாலந்து நாட்டுக் கைபன் 1888-இலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் இதற்கொரு கணக்கை எழுதி வைத்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். அப்படியானால், மேலே ஓர் அடி நீரை இறைத்துக் குறைத்துவிட்டால், நாளடைவில் கீழேயிருந்து 40 அடி உப்பு நீர் ஏறிவரும். வங்கியில் ஒரு வெள்ளி எடுத்தவனுக்கு 40 வெள்ளி கடன் எழுதுவதுபோல!

கெடுவதற்கு அதிக உப்பும் தேவையில்லை. 50 வாளி நல்ல நீரில் ஒரு வாளி கடல்நீர் கலந்தாலே நாக்குக்குத் தெரியும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய இன்னும் கரிக்கத்தான் செய்யும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அந்த நீரைக் குடிக்கவே கூடாது.

நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அந்த நாகப்பட்டினத்துக் கரையில் 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் பெருகின. கடல்நீரை வயல் நடுவே குளமாகத் தேக்கினால் அது சும்மா இருக்குமா? மணல் வழியே கசிந்து குடிகிணறுகளை உவராக்கியது. நெல் வயலும் பாழாயிற்று. நிலமில்லாத கூலிக்காரப் பெண்கள் குடிநீருக்காகக் குடத்தோடு நெடுந்தூரம் நடந்தார்கள். காந்தியவாதி ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் அம்மக்களைத் திரட்டி அறப்போர் நடத்தினார்கள். ஜெகந்நாதன் 1994-இல் வழக்குத் தொடுத்து இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-ஆம் நாள், கடலோரக் கட்டுப்பாட்டுப் பகுதியிலுள்ள பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பு வந்தது. அது முழுதாக நிறைவேறவில்லை. 2005-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி, ஓர் ஆணையத்தின் அனுமதியோடு பண்ணைகள் நடக்க வழிசெய்தது. இருந்தாலும், கூலிக்காரர்களின் கிணறும் நீதிமன்றத்தில் பேசப்பட வேண்டிய பொருள்தான் என்று அந்த வழக்கு காட்டியது. எங்களுக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

இன்னொரு செய்தி. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கம், கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. பதறிப்போய் மீண்டும் மீண்டும் வற்ற இறைத்தார்கள். அதனால் கீழிருந்த உப்பும் மேலேறிச் சில கிணறுகள் இன்னும் மோசமாயின. வற்ற இறைக்காதீர்கள், மழை கழுவட்டும் என்று பிறகு வல்லுநர்கள் சொன்னார்கள்.

நம் தோட்டப்புறத்தில் கடல் மட்டும் எதிரியல்ல. செம்பனைக்குப் போடும் உரத்தில் மரம் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட் மழையோடு மண்ணுக்குள் இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது. கைக்குழந்தையின் பால்மாவை அந்த நீரில் கரைத்தால், இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். ஆகவே, கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்று நீர் துணிக்கும் தரைக்கும் மட்டும் இருக்கட்டும். மருந்தடித்த தோம்பைக் கிணற்றடியில் கழுவும் பழக்கத்தைப் பற்றி இங்கே பேசினால் எங்களுக்குக் கோபம் வந்துவிடும். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. தோம்பில் ஊற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன.

அந்தப் பாட்டியின் கதைக்கு வருவோம். நாங்களும் கம்பத்துத் தலைவரும் போய்ப் பேசினோம். கறிகாய்த் தோட்டக்காரர் முதலில் முறைத்தார். போத்தல் நீரை அவர் முன்னாலேயே சோதித்துக் காட்டி, அவர் குழாய்க் கிணற்று நீரையும் சோதித்தோம். அதுவும் வெளுத்தது. அவருடைய செடிகள் ஓரம் கருகத் தொடங்கியிருந்ததை அதன் பிறகுதான் எங்களுக்குக் காட்டினார். பம்பைக் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்ட ஒப்புக்கொண்டார். மழை நீரைத் தேக்க ஒரு குட்டையும் வெட்டினார்.

இரண்டு மழைப் பருவம் கழிந்தது. பாட்டி வீட்டுக் கிணற்று நீரில் இப்போது துணி துவைத்தால் சவர்க்காரம் நுரைக்கிறது. சோறு வடிக்க இன்னும் ஆகவில்லை. பையன் மாதம் ஒரு போத்தல் கொண்டுவருகிறான்.