வளர்ச்சி தாமதிக்கும் மழலையும் நம் இல்லமும்

(குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் பேசவேண்டிய பொருளா இது என்று சிலருக்குத் தோன்றலாம். நமது திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ள சில மழலைகளை ஞாயிறு திருப்பலியில் நாம் காண்பதில்லை. உட்காரும் பருவம் கடந்தும் உட்காராத பிள்ளை, இரண்டு வயதாகியும் அம்மா என்றழைக்காத பிள்ளை, ஓரிடத்தில் நில்லாமல் ஓடும் பிள்ளை. அது கத்தினால் முன்வரிசைத் தலைகள் யாவும் பின்னால் திரும்புகின்றன. அதற்கு அஞ்சியே தாய் வீட்டில் இருந்துவிடுகிறாள்.

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். அவர் செய்ததுமல்ல, பெற்றோர் செய்ததுமல்ல என்று ஆண்டவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். ஆயினும் நம் அடுக்களைகளில் அக்கேள்வி ஓயவில்லை. கர்ப்பத்தில் என்ன தின்றாள், கிரகணத்தன்று வெளியே போனாளா என்று மருமகளைத்தான் கேட்கிறோம்.

"அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்பது பாட்டிமார் சொல்லும் ஆறுதல். அப்படிப் பேசிவிடும் பிள்ளைகளும் உண்டு. எந்தப் பிள்ளை அத்தகையது என்று பார்த்தவுடன் சொல்ல வல்லவர் பாட்டியும் அல்ல, பங்குச் சாமியாரும் அல்ல. பிடிமானமின்றி உட்காருவது ஏறத்தாழ 9 மாதத்துக்குள்ளும், தனியே நடப்பது 18 மாதத்துக்குள்ளும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும். குறைமாதப் பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும். பேச்சு தாமதித்தால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்டங்களின் பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்துள்ளன. கட்டணம் இல்லை.

மையத்தில் கிடைப்பது அரைமணி, முக்கால்மணி. பிள்ளை அழுது ஓய்வதற்கே பாதி போய்விடும். ஆகவே அந்நேரத்தில் பிள்ளை கற்பதைவிடத் தாய் கற்பதே பெரிது. வெளியே பெஞ்சில் உட்காராதீர்கள். கூட நின்று, இந்த வாரம் வீட்டில் செய்யவேண்டிய ஒன்று எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்வதற்குத் தனி அறையோ விலையுயர்ந்த பொம்மையோ வேண்டாம். குளிப்பாட்டும்போது கை, கால், காது என்று தொட்டுச் சொல்லலாம். பிரியமான பிஸ்கட்டை உள்ளே தெரியும் டப்பாவில் மூடி, எதிரே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். இந்தக் காத்திருத்தல்தான் கடினம். கேட்குமுன் கொடுப்பதல்லவா தாயின் குணம்! எனினும் மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். பிள்ளை விரல் நீட்டினாலும், ஏதேனும் ஒலி எழுப்பினாலும், அதுவே கேட்டதாகும். உடனே "பிஸ்கட்" என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். முழுச் சொல்லையும் சொன்னால்தான் தருவேன் என்று அழவைக்கலாகாது. கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டும் வழக்கத்தையும் விடுங்கள். அது பிள்ளையை வாயடைத்து வைக்கிறது, பேசவைப்பதில்லை.

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வோர் தாராளமாகப் போய்வரலாம். மாதா கோபித்துக்கொள்ளாத வேறொரு நாளில், பயிற்சி தப்பாமல்.

இன்னொன்று. சில தாய்மார் விடிந்தால் அடைந்தால் பயிற்சி என்றே இருந்து, பிள்ளையைச் சும்மா மடியில் வைத்துக் கொஞ்சுவதையே மறந்துவிடுகிறார்கள். பயிற்சியாளர் மையத்தில் இருக்கிறார். பிள்ளைக்குத் தாய் ஒருத்திதான். அவளுக்கு அந்த ஓய்வு வேண்டுமானால் தகப்பன் ஒருவேளைப் பயிற்சியை ஏற்க வேண்டும். பணம் கொடுத்தாயிற்று என்று ஒதுங்குதல் தகாது. எல்லாப் பிள்ளையும் நடந்துவிடும், பேசிவிடும் என்று வாக்களிக்க நம்மால் இயலாது. காய்ச்சல் வந்தால் கற்றதும் சிலநாள் பின்வாங்கும். ஒரு கரண்டியைத் தானாகப் பிடிப்பதற்கே ஓராண்டு ஆன பிள்ளைகளை நாம் அறிவோம். அந்தக் கரண்டி பிடித்த நாள் அவ்வீட்டுக்குத் திருநாளாயிருந்தது.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக இரண்டு பஸ் மாறிப் போகும் தாய்க்கு ஒரு துணை வேண்டும். அவள் திரும்பும்வரை மூத்த பிள்ளைக்குச் சோறு போட ஒரு வீடு வேண்டும். மாதம் ஒரு நாள் ஒதுக்க இயலும் பெண்களும், ஆட்டோ வைத்திருக்கும் இளைஞரும் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம். பீடத்தின் வலப்பக்கம், வாசலை ஒட்டிய முதல் இரண்டு பெஞ்சுகளை இக்குழந்தைகளின் குடும்பங்களுக்காக வருகிற ஞாயிறு முதல் விட்டுவைக்கிறோம். அங்கிருந்து சத்தம் வந்தால் நாம் பிரசங்கத்தை நிறுத்தப்போவதில்லை; நீங்களும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.