விஷம் கசிந்தால் மறைக்காதே!

(தென்காசியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. அந்த மலைக்கு அப்புறம் கேரளம். 1958ஆம் வருடம் ஏப்ரல், மே மாதங்களில் அங்கே நடந்த கொடுமையை நாம் மறக்கக் கூடாது. கப்பலில் மாவு மூடைகளோடு பாலிடாலும் சேர்ந்து வந்தது. மருந்து கசிந்து மாவில் ஊறியது. மூடைகள் கடைக்கு வந்தன. ஏழைகளின் அடுப்புக்கும் வந்தன. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சென்னை ராஜ்யத்திலும் உயிர்கள் போயின.

அவர்களைக் கொன்றது பாலிடால் மட்டுமா? இல்லை. "இது விஷம் பட்ட மூடை, தொடாதே" என்று உண்பவரிடம் சொல்ல ஒரு வாய் இல்லாமல் போனதும் சேர்ந்துதான் கொன்றது.

சர்க்கார் விசாரணைக் கமிஷன் அமைத்தது. பூச்சிமருந்துச் சட்டம் வந்தது எப்போது? 1968ல்! பத்து வருடம் கழித்து! அதன் கீழ் 1971ல் வந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: உணவுப் பொருளோடு ஒட்டும்படி பூச்சிமருந்தை வைக்கவோ ஏற்றவோ கூடாது. வழியிலோ கிட்டங்கியிலோ கசிந்தால், மண்ணும் தண்ணீரும் கெடாமல் உடனே தடுக்க வேண்டிய பொறுப்பு லாரிக்காரனுக்கும் கிட்டங்கிக்காரனுக்கும் உண்டு.

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் விஷ வாயு கிளம்பியது. அது என்ன வாயு, எப்படித் தப்புவது என்று பக்கத்துக் குடிசைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகே 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989ல் அபாய ரசாயன விதிகளும் வந்தன.

அவை முதலாளிக்கு விதிக்கும் கடமை என்ன? குறிப்பிட்ட அளவுக்கு மேல் ரசாயனம் வைப்பதானால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். ஆபத்து எது, என்ன செய்ய வேண்டும் என்று சுற்றியுள்ள ஜனங்களுக்கும் சொல்ல வேண்டும்.

"எங்களிடம் இருப்பது கொஞ்சம்தானே" என்பார்கள். குளோரினுக்கு அந்த அளவு 10 டன், அமோனியாவுக்கு 60 டன் என்பது உண்மைதான். ஆனால் அளவு குறைந்தால் கடமை தீர்ந்து விடாது. பீப்பாயில் இருப்பது என்ன என்று அதன்மேல் எழுதியிருக்க வேண்டும். ஆலையில் அதைக் கையாளுகிறவனுக்கு விவரமும் பயிற்சியும் பாதுகாப்புச் சாதனமும் கொடுத்தாக வேண்டும். விஷப் பொருள் ஆற்றிலோ கிணற்றிலோ விபத்தாய்க் கலந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தகவல் தர வேண்டும் என்கிறது 1974ஆம் வருடத்துத் தண்ணீர்ச் சட்டம்.

இது தூரத்து விஷயமல்ல. புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய்க்கு லாரிகள் ஓடும் ஊர் நம்முடையது. அபாயச் சரக்கு ஏற்றிய லாரிக்கு விபத்து நேர்ந்தால், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் உடனே சொல்வது டிரைவரின் சட்டக் கடமை. குற்றாலத்தில் சீமான்களும் குளிக்கிறார்கள், நாமும் குளிக்கிறோம். அங்கே விழும் தண்ணீர்தான் சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மேலே ஒருவன் மறைத்தால் கீழே ஊர் ஊராகக் குடிக்க வேண்டியதுதான்!

கசிவை முதலில் பார்ப்பவர் யார்? மானேஜரா? இல்லை, நாம்தான். மருந்து அடிக்கும் கூலியாள். மூடை தூக்கும் சுமைக்காரர். சாயத் தொட்டியருகே நிற்கும் தொழிலாளி. பார்த்தும் ஏன் வாய் திறப்பதில்லை? வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. தனியாகப் போகிறவனை விரட்டுவது சுலபம். ஆகவே சேர்ந்து போவோம், எழுத்தில் கொடுப்போம், நகலைக் கையில் வைத்துக்கொள்வோம். ஆலையில் ஆபத்து நெருங்குகிறது என்று நிர்வாகத்தையும் இன்ஸ்பெக்டரையும் ஒரே நேரத்தில் எச்சரிக்கும் உரிமை 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது.

நாளைக் காலை வேலைக்குப் போனதும், நாம் தொடும் டப்பாவில், பீப்பாயில் என்ன இருக்கிறது என்று கேட்போம். பதில் வரும் வரை கேட்போம். செத்த பிறகு கமிஷன் வேண்டாம், தோழர்களே! உயிரோடு இருக்கும்போதே உண்மை வேண்டும்!