மண்வெட்டியோடு வந்த மாணவர்கள்

பேரிடர் என்றதும் இடிபாடுகளுக்குள்ளிருந்து ஆளை மீட்கும் காட்சிதான் நம் கண்முன் வரும். இன்று நான் பேசப்போவது சேறு அள்ளுவதைப் பற்றி.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், 2010 செப்டம்பர் 4 விடியற்காலையில், 7.1 அளவில் நிலம் நடுங்கியது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரம்; உயிர்ச்சேதம் பெரிதாக இல்லை. ஆனால் ஏவன் ஆற்றை ஒட்டிய கிழக்குப் பகுதிகளில், வாசலிலும் தோட்டத்திலும் சாம்பல் நிறச் சேறு. வெள்ளமா? இல்லை, நிலத்தடியிலிருந்து பொங்கிய சேறு. கடலோரத்தில் ஈரமணலில் நின்று காலால் தட்டிக்கொண்டே இருங்கள். மணல் குழையும், நீர் மேலே கசியும். அங்கே அடியில் இருந்ததும் இறுகாத மணல்தான், நீர்மட்டமும் மேலேயே இருந்தது. நடுக்கத்தில் மணல் பிடிமானம் இழந்து, நீரோடு சேர்ந்து விரிசல் வழியே பீறிட்டது. உடைந்த கழிவுநீர்க் குழாய்களின் அழுக்கும் அதில் கலந்தது.

உடைந்த குழாய்க்குப் பொறியாளர் வருவார். ஒரு பாட்டியின் கொல்லைப்புறச் சேற்றை அள்ள யார் வருவார்? கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த சாம் ஜான்சன் ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு விடுத்தார். மாணவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அதுதான் மாணவர் தன்னார்வப் படை.

2011 பிப்ரவரி 22, பகல் 12.51. இம்முறை 6.3தான், ஆனால் ஆழம் குறைவு, நகரத்துக்கு மிக அருகில். 185 பேர் இறந்தார்கள். படையில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பஸ்ஸில் போய் இறங்கி, தெருத் தெருவாகப் பிரிந்து, கைவண்டியில் சேற்றைச் சாலையோரம் கொண்டுவந்து கொட்டுவார்கள். லாரிகள் அள்ளிப் போகும். விவசாயிகளும் டிராக்டரோடு வந்தார்கள்.

இடிந்த கட்டடங்களில் மீட்பு வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிட்டு, இவர்கள் தெருவோடு நின்றுகொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆர்வக்கோளாறில் நடுவே புகுந்து மீட்பவர்களுக்கே பாரமாவதை நாம் பார்க்காததா? அள்ளி முடித்தபின் வீட்டுக்காரரோடு நின்று நாலு வார்த்தை பேசுவதும் வேலையில் சேர்ந்ததுதான். பயந்துபோயிருந்த முதியவர்களுக்கு அது சின்ன விஷயமா?

ஜூன் 13 அன்று மறுபடி நடுக்கம். அள்ளிய இடத்திலேயே மறுபடி சேறு. அதே மாதம், பல தெருக்கள் இனிக் குடியிருக்க ஏற்றவையல்ல என்று அரசு அறிவிக்கத் தொடங்கியது. கடைசியில் ஏறக்குறைய 8,000 வீடுகள் கைவிடப்பட்டன. அப்படியானால் அத்தனை உழைப்பும் வீண்தானே என்று கேட்பவர்கள், சேறு புகுந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியிருக்க மாட்டார்கள்.

படை கலையவில்லை. 2020 கொரோனா ஊரடங்கில், வெளியே போக முடியாத முதியவர்களுக்கு மளிகைச் சாமான் வாங்கிக் கொடுத்ததும் அதே அமைப்புதான். அப்போது கல்லூரியில் இருந்தவர்கள், நிலநடுக்கத்தின்போது பள்ளிப் பிள்ளைகள்.