செய்தியை ஆராய்ந்து ஏற்போம்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நாளில் நாளிதழையும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் கொல்லாமை, வாய்மை ஆகிய இரண்டும் இதனோடு தொடர்புடையன. ஆதலால் பேசத் துணிந்தேன்.

2020 அக்டோபரில், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றிலிருந்து உருண்டை வடிவக் கற்கள் பல வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டைகள் கிடைத்தன' என்ற செய்தி விரைவில் எங்கும் பரவிற்று. நிலவியல் அறிந்தோர் அவற்றை ஆராய்ந்த பின்னரே உண்மை தெளிவாயிற்று. அவை முட்டைகள் அல்ல. அம்மோனைட் என்னும் பழங்காலக் கடல் உயிரின் எச்சத்தோடு படிவு திரண்டு உருவான கற்கள்.

மக்கள் ஏன் நம்பினர்? நம்புதற்குக் காரணம் இருந்தது. அம்மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுத் தொன்மையுடையதாக மதிப்பிடப்படும் அதனை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் உலகறியச் செய்தார். அரியலூர் வட்டாரப் பாறைகளில் டைனோசர் எலும்புகள் முன்பே கிடைத்துள்ளன. 2009இல் செந்துறைப் பகுதியில் முட்டைத் தொகுதிகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அறிவித்தனர். இத்தனை மெய்களுக்கு அருகில் வந்து நின்றமையால் அந்தப் பொய்யும் மெய்போலத் தோன்றிற்று. நம்பத்தக்கதாகத் தோன்றும் செய்தியையே நாம் மிகுதியும் ஆராய வேண்டும் என்பது இதன் பாடம். முட்டை என்ற ஆரவாரத்தில், இன்று பருத்தியும் சோளமும் விளையும் நிலத்தில் ஒருகாலத்துக் கடல் அலை வீசியது என்ற வியத்தகு உண்மையைப் பலர் அறியாமலே போயினர்.

கற்களைப் பற்றிய பிழையால் எவர்க்கும் தீங்கில்லை. ஆயின் எல்லாப் பிழையும் அத்தகையன அல்ல. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் திரிகின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே வடமாவட்டங்களில் பரவியிருந்தது. போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதிக்குக் கோயில் வழிபாட்டிற்காகச் சென்னையிலிருந்து காரில் ஒரு குடும்பத்தினர் வந்தனர். சிறுவர்களுக்கு இனிப்புக் கொடுத்த 65 வயது மூதாட்டியைக் கூட்டம் ஐயுற்று அடித்துக் கொன்றது. உடன் வந்தோரும் கடுமையாகத் தாக்கப்பட்டனர். திருமலை யாத்திரை செல்லும் நமக்குப் போளூர் அயலூர் அன்று.

அந்நாள்களில் அத்தகைய குரற்பதிவு ஒன்று எனக்கும் வந்தது. 'எச்சரிக்கையாக இருக்கட்டுமே' என்றெண்ணி உறவினர் குழுவிற்கு அதனை அனுப்பினேன். பேசியவர் யார், எந்த ஊரில் எந்தக் குழந்தை காணாமற்போயிற்று என்று நான் வினவவில்லை. அத்திமூர்ச் செய்தியைப் படித்த அன்று இரவு உறக்கம் வரவில்லை. நான் அனுப்பியது அவ்வூரை எட்டியிராது. எனினும் அதனைப் போன்ற ஆயிரம் கைகளின் செயலே அங்கே கூட்டமாய்த் திரண்டது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றனாலும் வினை வந்து சேரும் என்று நம் ஆசாரியர்கள் கூறியதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

செய்தி நிறுவனங்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. விளம்பர வருவாய் பார்வையாளர் எண்ணிக்கையைப் பின்பற்றி வருகின்றது. அச்சமூட்டும் தலைப்பை நாம் தேடிப் பார்த்தால், அத்தகைய தலைப்பே மறுநாளும் வரும். உழைத்து எழுதிய கட்டுரையை நாம் படியாது விட்டால், அதை எழுதுவோர் அருகிப் போவர். நாம் வாசிக்கும் முறையும் ஓர் உடன்பாடே.

ஆகவே மூன்று பழக்கங்களை வேண்டுகிறேன். முதலாவது, வினவுதல். இதனை நேரிற் கண்டவர் யார்? துறை அறிந்தவர் ஆராய்ந்தாரா? மறுதரப்பு என்ன கூறுகின்றது? ஒரு பொருளைப் பல கோணங்களிலும் நோக்குக என்னும் அநேகாந்தம் நமக்குப் புதிதன்று. விடை கிடைக்கும்வரை அடுத்தவர்க்கு அனுப்பாதிருப்போம்.

இரண்டாவது, திருத்துதல். நாம் அனுப்பியது தவறெனத் தெரிந்தால், அதே குழுவில் அதனை ஒப்புக்கொள்வோம். நாளிதழ் பிழை செய்தால் ஆசிரியர்க்கு எழுதுவோம். தக்க மறுமொழி இல்லையேல், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்தியப் பத்திரிகை மன்றத்திடம் முறையிடலாம். திருத்தம் வெளியிடும் இதழைப் பழிக்காமல் பாராட்டுவோம்.

மூன்றாவது, ஆதரித்தல். களத்திற்குச் சென்று எழுதும் இதழ் ஒன்றையேனும் விலை கொடுத்து வாங்கி, வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து படிப்போம்.

நீரை வடிகட்டிப் பருகுவது நம் இல்லங்களின் வழக்கம். கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கும் தீங்கு நேராதிருக்கவே அதனைச் செய்கிறோம். காதில் விழுவதை அவ்வாறே வடிகட்டுவோமாயின், அறியாத ஊரில் வழி கேட்டு நிற்கும் ஒருவருடைய உயிரையும் காத்தவர் ஆவோம்.

வாழ்க வாய்மை! வளர்க அறம்!