சைக்கிளுக்கும் பெயர் வெட்டுங்கள்



1993ஆம் வருஷம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சந்தை நாள். கத்தரிக்காயும் கருவாடும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்தேன். நிறுத்திய இடத்தில் சைக்கிள் இல்லை. ஸ்டாண்டு பதிந்த பள்ளம் மட்டும் மண்ணில் இருந்தது. உடனே திருட்டு என்று மனசுக்குப் படவில்லை. அடுத்த மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. உப்புக்கடைக்காரரிடம் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன். பிறகு முதல் மரத்தடிக்கே திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். சைக்கிளைப் பறிகொடுத்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வெறும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். பூட்டின சாவி அந்த நேரமும் என் முந்தானை முடிச்சில் இருந்தது.

அந்த வண்டி எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். அதுவரை கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போன பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஹேண்டில் பாரைப் பிடித்தார்கள். தொண்டர்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைப்பது கஷ்டமாக இருந்ததால் ஆண்கள் ஓட்டும் வண்டியையே பலர் வாங்கினோம். அதிலும் ஒரு வசதி இருந்தது. முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். என் மகள் அந்தப் பாரில் துண்டைச் சுற்றி உட்கார்ந்துதான் ஊர் பார்த்தாள்.

காலையும் மாலையும் ஒரு பஸ் வரும் ஊரில், சைக்கிள் இருக்கிற பெண்ணின் பகல் பொழுது அவள் கையில் இருக்கும். அது போனதும் பகல் மறுபடி பஸ்காரர் கைக்குப் போய்விட்டது. வண்டி போன பிறகும் எட்டு மாதம் தவணை கட்டினேன்.

புகார் கொடுத்த இரண்டாவது மாதம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. பத்துப் பதினைந்து சைக்கிள் பிடிபட்டிருக்கிறது, வந்து பார்க்கச் சொல்கிறார்கள் என்று. ஓடினேன். சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் கறுப்பு. எல்லாவற்றிலும் கேரியர், எல்லாவற்றிலும் மணி. ஏட்டையா கேட்டார்: “உங்க வண்டிக்கு என்னம்மா அடையாளம்?” கறுப்பு வண்டி, பின்னால் கேரியர் என்றேன். அவர் வரிசையைக் கையால் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வண்டியின் கைப்பிடி ரப்பர் என் வண்டியில் தேய்ந்த மாதிரியே தேய்ந்திருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு நின்றேன். அதற்குள் ஒரு பெரியவர் வந்து, “இது நம்மது தாயி” என்றார். சண்டை போடவில்லை அவர். குனிந்து சீட்டுக்குக் கீழே பிரேமைத் துண்டால் துடைத்துக் காட்டினார். ஆணியால் கொத்தின மூன்று புள்ளிகள், பக்கத்தில் அவர் இனிஷியல். சட்டைப் பையிலிருந்து மடிப்பு விட்டுப்போன ஒரு காகிதத்தை எடுத்தார். அதில் வண்டியின் நம்பர். ஏட்டையா வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், சரியாக இருந்தது. பெரியவர் ஓட்டிக்கொண்டு போனார். அது அவருடைய வண்டிதான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் வண்டியும் அந்த வரிசையில் நின்றிருக்கலாம். நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. திருடு போனதைவிட அதுதான் இன்று வரை எனக்கு ஆறவில்லை.

நேயர்களே, நம் வீட்டுப் பாத்திரங்களை நினைத்துப் பாருங்கள். எவர்சில்வர் தம்ளர் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டச் சொல்கிறோம். கல்யாணச் சீரில் வந்த குடத்தில் தேதியோடு வெட்டியிருக்கும். சமையலுக்கு இரவல் போன அண்டா திரும்பி வரும்போது திருப்பிப் பார்த்துப் பெயரைப் படிக்கிறோம். தம்ளருக்குச் செய்வதை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் சைக்கிளுக்கு ஏன் செய்வதில்லை? அதே பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் வண்டியைக் கொண்டுபோங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் லேசாக வெட்டித் தருவார். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறாமல் இருக்க நகப்பூச்சை ஒரு தடவை தடவினால் போதும்.

பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்களே என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் ஊர் சைக்கிள் கடைப் பெரியவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். சீட்டைத் தாங்கும் கம்பியை உருவி எடுத்தார். பெயரும் ஊரும் எழுதின ஒரு துண்டுக் காகிதத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுருட்டி நூல் கட்டினார். குழாய்க்குள் போட்டுக் கம்பியைப் பழையபடி இறுக்கினார். அவ்வளவுதான். மேலே எத்தனை தரம் வர்ணம் மாற்றினாலும் வண்டியின் வயிற்றுக்குள் சொந்தக்காரர் பெயர் இருக்கும். இப்போது போன் நம்பரையும் சேர்த்து எழுதலாம். இரண்டாவது வண்டி வாங்கியதும் முதல் வேலையாக அதைச் செய்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேம் நம்பர். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. தொழிற்சாலையில் பிரேமில் அடிக்கும் அந்த எண்தான் அதற்குப் பிறப்புச் சான்றிதழ். பெரும்பாலான வண்டிகளில் பெடல் அச்சு ஓடுகிற கூட்டுக்கு அடியில் இருக்கும். சிலவற்றில் சீட்டுக்குக் கீழே குழாயில் இருக்கும். நாள்பட்ட சேறும் கிரீசும் மூடியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் தெரியும். பழைய நாளில் நம் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு லைசென்ஸ் வில்லை கொடுத்தன. வரி போனது நல்லது. ஆனால் அதோடு இந்த வண்டி இன்னாருடையது என்று எழுதி வைத்திருந்த ஒரே பதிவேடும் போய்விட்டது. ஜப்பானில் 1994 முதல் சைக்கிள் பதிவு சட்டப்படி கட்டாயம். வாங்கும் கடையிலேயே பதிந்து, எண் போட்ட வில்லையைப் பிரேமில் ஒட்டித் தருகிறார்கள். நம் உள்ளாட்சிகளும் வரி இல்லாமல் அப்படி ஒரு பதிவு வைக்கலாம். வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்ற இத்தாலியப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்தது. ரோம் நகரத்தில் ஒரு மனிதருக்குக் கிடைக்கும் சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, ஏற்கெனவே அடகில் இருந்த சைக்கிளை மீட்கிறார்கள். வேலைக்குப் போன முதல் நாளே அது திருடு போகிறது. பலருக்கும் கடைசிக் காட்சிதான் மனசில் நிற்கும். எனக்கு நடுவில் வரும் சந்தைக் காட்சிதான் நிற்கிறது. திருட்டு வண்டிகளைக் கழற்றி விற்கும் சந்தையில் டயரை ஒருவர், பிரேமை ஒருவர், மணியையும் பம்பையும் அந்த மனிதரின் சின்னப் பையன் என்று பிரித்துக்கொண்டு தேடுவார்கள். பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிரேமைப் பார்த்து அந்த மனிதர் நம்பரைக் காட்டச் சொல்லி வாதாடுவார். நம்பர் வேறாக இருக்கும். அவர் தோற்றுப்போகிறார், உண்மைதான். ஆனால் தன் வண்டியின் எண் அவருக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் அதுகூட இல்லை.

பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்சக்கரத்தில் பொருத்தியிருக்கும் வளையப் பூட்டு சக்கரம் சுற்றாமல் தடுக்கும், வண்டி போகாமல் தடுக்காது. கேரியரைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்சக்கரத்தை உருட்டியே போய்விடலாம். பார்க்கிறவர்களுக்குப் பாவம், சாவி தொலைந்துபோய்க் கடைக்குக் கொண்டுபோகிறார் என்றுதான் தோன்றும். என் வண்டியும் அப்படித்தான் போயிருக்கும். அதனால் வளையப் பூட்டோடு ஒரு செயின் பூட்டும் வேண்டும். செயின் பின்சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்துச் சுற்றி, ஜன்னல் கம்பியையோ நடப்பட்ட இரும்புத் தூணையோ பிடித்திருக்க வேண்டும். வண்டியை மேலே தூக்கி உருவிவிடக்கூடிய குட்டைக் கம்பம் உதவாது. செயின் தரையில் தொங்கினால் கல்லில் வைத்துச் சுத்தியலால் உடைக்க அதுவே வசதி. தொய்வில்லாமல் தரைக்கு மேலே இருக்கட்டும். விரல் தடிமன்கூட இல்லாத நம்பர் பூட்டுக் கம்பியை ஒரு கட்டிங் பிளேயரால் அறுத்துவிடுவார்கள். அதை நம்ப வேண்டாம். விலை கூடின பூட்டும் முழுக் காவல் இல்லை. 2004இல் அமெரிக்காவில் பெயர் பெற்ற ஒரு யூ வடிவப் பூட்டைச் சாதாரணப் பால்பாயின்ட் பேனாவின் பின்பக்கத்தால் திறந்து காட்டினார்கள். முன்சக்கரத்தைக் கையாலேயே கழற்றும் நெம்பு வைத்த கியர் வண்டியாக இருந்தால், நெம்புக்குப் பதில் சாதாரண நட்டு போட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள், 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிப் பின்பு எல்லாருக்கும் விரிந்த திட்டம். பள்ளி வளாகத்தில் அவை நிற்பதைப் பாருங்கள். ஒரே நிறம், ஒரே அச்சு, நான் ஸ்டேஷனில் பார்த்த வரிசை மாதிரியே. வண்டி கைக்கு வந்த அன்றே ஆசிரியர்கள் ஒரு நோட்டில் பிரேம் நம்பரையும் பிள்ளையின் பெயரையும் எழுதி வைத்துவிட்டால் எத்தனை அழுகை மிச்சமாகும். தயவுசெய்து செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 303ஆவது பிரிவு திருட்டைப் பற்றியது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமுதாய சேவைதான் தண்டனை. அதில் எனக்குக் குறை இல்லை. பசிக்காகத் திருடினவனைச் சிறையில் போட்டு ஆவது ஒன்றுமில்லை. வேறொன்றுதான் உறுத்துகிறது. 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரணையைத் தொடங்க முடியாது. பூ விற்கிற அம்மாவின் பழைய சைக்கிள் என்ன விலைக்குப் போகும்? இரண்டாயிரம். அவளுடைய பிழைப்பு அதில் ஓடுகிறது. மதிப்பு என்பதைப் பழைய இரும்பு விலையில் கணக்குப் போடக் கூடாது.

இருந்தாலும் புகார் கொடுங்கள். பிரேம் நம்பர், பில், வண்டியோடு நீங்கள் நிற்கிற ஒரு போட்டோ, இவற்றோடு போய் எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். நாளைக்கு ஒரு வரிசை வண்டி பிடிபட்டால் உங்கள் காகிதம் பேசும்.

ஆயிரம் ரூபாய்க்கு நல்ல சைக்கிள் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பில் எங்கே என்று கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குகிறவருக்கும் அதே சன்ஹிதாவின் 317ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. என் சைக்கிளையும் யாரோ ஒருவர் விலை பேசித்தான் வாங்கியிருப்பார். அவர் அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

நாளைக் காலை ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, பெடலுக்கு அடியில் துடைத்து, அந்த எண்ணைப் படியுங்கள். படித்ததை எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.